சுண்டைக்காய் வற்றலில் பூசணம்: உங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன இருந்தது, எப்படி எடுத்து வைத்தீர்கள்?

மொட்டைமாடி (செப்டம்பர் 21, இரவு 9.40)

முதலிலேயே தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மதிலோரம் ஒரு சுண்டைச் செடி, யாரும் வைக்காமலே முளைத்து ஆள் உயரம் வந்துவிட்டது. ஏதோ குருவியின் வேலை. போன வாரம் ஒரே பறிப்பில் முக்கால் கிலோ காய். விடுவேனா, வற்றல் போட உட்கார்ந்துவிட்டேன். நசுக்கினேன், மோரில் ஊறவைத்தேன், பகலில் மாடியில் காயவைத்தேன், ராத்திரி மறுபடி மோரில் போட்டு மூடிவைத்தேன். மூன்றாம் நாள் காலை மூடியைத் திறந்தால் மேலே வெள்ளைப் பஞ்சு. நடுவில் நாலைந்து இடத்தில் பச்சைப் புள்ளி. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

இவ்வளவு வருத்தம் ஏன் என்றால், இது நான் பார்த்தே வளர்ந்த வேலை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லை நீளமாகப் போய் வாய்க்காலில் முடியும். கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் பாயும். வாழையைத் தாண்டினால் கறிவேப்பிலை, நார்த்தை, அப்புறம் வேலியோரம் சுண்டை. எங்களோடு அத்தைப்பாட்டி ஒருவர் இருந்தார். விடிந்ததும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு காயாகத் தரையில் வைத்துக் கையடக்கமான கருங்கல்லால் தட்டுவார். ஒரே தட்டுதான். காய் வாய் பிளக்க வேண்டும், விதை வெளியே தெறிக்கக் கூடாது. நான் தட்டினால் சுவர் வரைக்கும் தெறிக்கும். "போ, நீ போய்க் காக்காயைப் பார்" என்பார். ஒரு பழைய கறுப்புக் குடையோடு முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன். என் பங்கு அதோடு சரி.

வற்றல் போட்டவர்கள் சொல்லுங்கள்: மோரில் எவ்வளவு உப்பு, எத்தனை ராத்திரி? கூடவே உங்கள் கொல்லைக் கதையையும் எழுதுங்கள்.

பொருநைக்கரை (செப்டம்பர் 21, இரவு 10.15)

தாயீ, புரட்டாசியில் சென்னையில் யாராவது வத்தல் போடுவார்களா? எங்கள் ஆச்சி மாசி பிறந்தால்தான் மண்பானையையே கழுவி வைப்பாள். கத்திரி வெயிலுக்குள் எல்லாம் முடிந்து ஓலைப்பெட்டிக்குள் போய்விடும்.

எங்கள் பக்கம் சுண்டை வத்தலைவிட மிதுக்கு வத்தலுக்குத்தான் மதிப்பு. மிதுக்கங்காயை யாரும் பயிர் வைப்பதில்லை, காட்டில் கொடியாகக் கிடக்கும். பிஞ்சாகப் பறித்து, கீறி, உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்தால் பொரித்தெடுக்கும்போது ஒரு கசப்பு வரும் பாருங்கள். பழையதுக்கு அதைவிட வேறு ஒன்று வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் கத்திரிக்காய், சீனியவரைக்காய். கத்திரிக்காயை நாலாக வகிர்ந்து, அரை வேக்காடாக உப்புப் போட்டு அவித்துக் காயவைப்பார்கள். மழைக்காலத்தில் காய்கறி கிடைக்காத நாளில் அதை வெந்நீரில் ஊறப்போட்டுப் புளிக்குழம்பு.

வெயிலான் (செப்டம்பர் 21, இரவு 10.22)

சீனியவரைக்காய் என்றால் என்ன? சீனியில் ஊறிய அவரையா?

பொருநைக்கரை (செப்டம்பர் 21, இரவு 10.25)

நீங்கள் கொத்தவரங்காய் என்பீர்கள். பெயர் வைத்தவனுக்கு நாக்கில் என்ன கோளாறோ, சீனிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நுண்ணோக்கி (செப்டம்பர் 22, காலை 6.50)

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மொட்டைமாடி அவர்களே, இரண்டு கேள்வி. உப்பு எவ்வளவு போட்டீர்கள்? ராத்திரி மூடிவைத்தது எந்தப் பாத்திரம்?

மொட்டைமாடி (செப்டம்பர் 22, காலை 8.05)

முக்கால் கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி. வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு, அதனால் குறைத்தேன். பாத்திரம் எவர்சில்வர் சம்படம், இறுக மூடினேன். எறும்பு வருமே என்று.

நுண்ணோக்கி (செப்டம்பர் 22, காலை 8.40)

விடை அதில்தான் இருக்கிறது அம்மா.

பூசணத்துக்கு வேண்டியது தண்ணீர். காயில் இருக்கும் தண்ணீர் அதன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வற்றல், ஊறுகாய் எல்லாமே. வெயிலில் வைத்து வெளியேற்றலாம். இல்லாவிட்டால் உப்பையோ சர்க்கரையையோ போட்டு உள்ளேயே கட்டிவைக்கலாம். மோரின் புளிப்பு இன்னொரு காவல். அந்தப் புளிப்புக்குக் காரணமான நுண்ணுயிர்கள் நமக்கு வேண்டியவை. உப்பும் புளிப்பும் சேர்ந்தால் கெட்டவை தலையெடுக்காது. உங்கள் வற்றலில் உப்பு குறைவு, வெயில் குறைவு. ராத்திரி வெதுவெதுப்பாக உள்ளே போன காயை இறுக மூடிவிட்டீர்கள், மூடியின் உட்புறம் வேர்த்து அந்த நீர் காயின் மேலேயே சொட்டியிருக்கும். பூசணத்துக்கு இதைவிட நல்ல வீடு கட்டித் தர முடியாது.

தூக்கிப் போட்டது நல்ல காரியம். மேலாகத் துடைத்துவிட்டு இன்னொரு வெயில் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளத்தில் வரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விட்டுவைக்கும். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. எண்ணெயில் பொரித்தாலும் முழுதாகப் போகாது. உங்களுடையது அதே பூசணம் என்று சொல்லவில்லை. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்பதுதான் சங்கதி.

மேட்டாங்காடு (செப்டம்பர் 22, மதியம் 1.30)

ஏனுங்க, நீங்க எல்லாம் கொல்லை கொல்லை என்கிறீர்கள். எங்களுக்குத் தோட்டம்தான் வீடு, வீடுதான் தோட்டம். தாராபுரம் பக்கம். மேட்டாங்காட்டில் துவரை, அவரை, தட்டைப்பயறு. கிணற்றுமேட்டில் மிளகாய், கத்திரி, சுக்குட்டி. (சுக்குட்டி என்றால் மணத்தக்காளிங்க. அதன் வற்றலுக்கும் மோர், உப்பு, வெயில்தான்.)

நான் சொல்ல வந்தது வற்றல் இல்லை. துவரைக்குச் செம்மண் கட்டுவது. யாராவது பார்த்திருக்கிறீர்களா? துவரையை ஊறவைத்து வடித்து, சலித்த செம்மண்ணைக் கூழாகக் கரைத்து அதில் பிசறுவார்கள். ராத்திரி குமித்து வைத்துவிட்டு மறுநாள் களத்தில் பரப்பினால் களமே சிவந்து கிடக்கும். காய்ந்ததும் மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் போட்டால் தோல் தனி, பருப்பு தனி. மண் கட்டிய துவரையில் வண்டும் அவ்வளவாக விழாது. திருகையின் முளைக்குச்சியை நானும் அக்காவும் ஆளுக்கொரு கை பிடித்துச் சுற்றுவோம். குழிக்குள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பிடி பிடியாகப் போடுவார். அந்தச் சத்தத்துக்கே தூக்கம் வரும்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் எடுத்து வைப்பதில் முதல் இடம் விதைக்குத்தான். நல்ல கொடியில், நல்ல காயாகப் பார்த்து அமுச்சி தன் பழைய சேலையின் ஓரத்தைக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார். அந்தக் காயை யாரும் தொடக் கூடாது. முற்றிக் காய்ந்து கொடியே வாடிய பிறகுதான் எடுப்பார். விதையைச் சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டு, அடுப்படி உத்தரத்தில் தொங்கவிடுவார். புகை படும் இடம், பூச்சி அண்டாது.

எனக்கு எட்டு வயது இருக்கும். முடிச்சுப் போட்ட வெள்ளரிக்காயை நானும் பக்கத்துத் தோட்டத்துப் பையனும் பறித்து உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுவிட்டோம். துணியை வாய்க்காலில் விட்டுவிட்டேன். சாயங்காலம் அமுச்சி கொடியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடிப்பார் என்று காத்திருந்தேன், அடிக்கவே இல்லை. மறு வருடம் எங்கள் தோட்டத்தில் வெள்ளரி இல்லை. அதற்கடுத்த வருடம் வெளியே வாங்கிய விதை. முதல் காயை நறுக்கி என் கையில் கொடுத்தார். கசப்பு. "தின்னு" என்றார். முழுசையும் தின்றேன்.

மொட்டைமாடி (செப்டம்பர் 22, மாலை 6.10)

மேட்டாங்காடு அண்ணா, அந்தக் கசப்பு எனக்கே வாய்க்குள் வந்துவிட்டது. விதை என்றதும் எங்கள் பக்கத்து நெல் ஜெயராமன் நினைவு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல் 2 கிலோ விதையாகத் தருவார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். 2018 டிசம்பரில் அவர் காலமானார். அதற்கு மூன்று வாரம் முன்புதான், நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். எங்கள் கொல்லையில் தென்னை ஐந்து சாய்ந்தன. நார்த்தை வேரோடு போயிற்று. பாட்டி காலத்து மரம்.

அந்த நார்த்தங்காயைப் பாட்டி சுருள் சுருளாக, அறுந்துவிடாமல், ஒரே வளையமாக நறுக்கி, உள்ளே கல்லுப்பை அடைத்துப் பீங்கான் ஜாடியில் போடுவார். வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டுவார். தினம் ஒரு குலுக்கு. நன்றாக ஊறியதும் சுருளை மட்டும் எடுத்துப் பகலில் வெயில், ராத்திரி மறுபடி அந்த உப்புநீரிலேயே. நீர் முழுவதும் உறிஞ்சிய பிறகு உலர்ந்த சுருள்மேல் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கு அதில் ஒரு துண்டு.

வடலி (செப்டம்பர் 22, இரவு 11.50)

வாசிக்க வாசிக்க ஆசையாக இருக்கு. நான் யாழ்ப்பாணம். எங்கட வளவில் (வீட்டைச் சுற்றின காணி) பனைதான் கூட. மற்றதெல்லாம் பிறகு.

பனங்கொட்டைகளைப் பாத்தி கட்டிப் புதைத்துவிட்டால் தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு கிண்டலாம். அவித்துத் தின்றது போக மிச்சம் எல்லாம் எடுத்து வைக்கத்தான். பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பைப் போக்கிப் பிட்டு அவிப்பினம், கூழ் காய்ச்சுவினம். புழுக்கொடியல் அப்பிடியே கடிக்கிறது. கல்லு மாதிரி இருக்கும், வாயில் போட்டால் அரை மணித்தியாலம் நிற்கும். பனம்பழக் காலத்தில் அம்மம்மா பழத்தைப் பிசைந்து களியைப் பாயில் தடவிக் காயவிடுவா. காய்ந்த படைக்கு மேல் இன்னொரு படை. கடைசியில் தோல் மாதிரி உரித்து எடுத்தால் பனாட்டு. இலையான் மொய்க்காமல் பார்க்கிறது எங்கட வேலை. உங்களுக்குக் காக்காய், எங்களுக்கு இலையான்.

தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்குமே தட்டுப்பாடு. அப்ப வளவில் விளைந்ததும் பானையில் இருந்ததும்தான் சாப்பாடு. 1995 ஒக்டோபர் முடிவில் இடம்பெயரச் சொன்ன இரவு, மழை. அம்மா உடுப்பை எடுத்தா, அப்பா காணி உறுதிப் பத்திரக் கட்டை எடுத்தார். அம்மம்மா ஒரு தகரப் பேணி நிறையப் புழுக்கொடியலை எடுத்துச் சேலைக்குள் கட்டினா. "உதை ஏன் தூக்குறீங்கள்" என்று அப்பா கத்தினது நினைவிருக்கு. சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர அடுத்த நாள் மத்தியானம். வழியில் நாங்கள் சாப்பிட்டது அது மட்டும்தான். தெரியாத பிள்ளைகளுக்கும் அம்மம்மா உடைத்து உடைத்துக் கொடுத்தா.

இப்ப நான் இருக்கிற நாட்டில் வருசத்தில் பாதி வெயில் இல்லை. புழுக்கொடியல் தபாலில் வருது.

வெயிலான் (செப்டம்பர் 23, காலை 7.15)

இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை வடலி. படித்தேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அரிவாள்மனை (செப்டம்பர் 23, காலை 11.00)

எல்லாரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கசப்பான சொல் சொல்லட்டுமா? இங்கே எழுதியவர்கள் எல்லாருமே காக்காய் விரட்டியவர்கள், ஈ விரட்டியவர்கள், திருகைக் குச்சியைப் பிடித்தவர்கள். வற்றல் போட்டவர் ஒருவர்கூட இல்லை.

நான் இராமநாதபுரம் மாவட்டம். குண்டு மிளகாய் ஊர். 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், பெருமைதான். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு துண்டு நிலம், பாதி மிளகாய், ஓரத்தில் கத்திரியும் கொத்தவரையும். பழம் பறித்து, கொட்டிக் காயவைத்து, திருப்பிப் போட்டு, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளி, சொத்தையைப் பொறுக்கி, காம்பு கிள்ளி, இவ்வளவும் அம்மா. பச்சையில் கொஞ்சம் எடுத்து மோர் மிளகாய்க்குக் கீறுவதும் அம்மா. ராத்திரி கையில் எரிச்சல் தாங்காமல் கிண்ணத்தில் மோரை ஊற்றி விரல்களை முக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கையால் கண்ணைத் துடைக்க முடியாது, என்னைத் தொட முடியாது. தம்பி கைக்குழந்தை. அவனைத் தூக்குவது நான்.

சித்திரை, வைகாசியில் அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் எங்களுக்குப் பள்ளி விடுமுறை. நமக்கு அது பொற்காலம்.

பொருநைக்கரை (செப்டம்பர் 23, மதியம் 12.20)

சரிதான். ஆனால் ஆச்சி அதை வேலையாக நினைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சந்தோசமாகத்தான் செய்தாள்.

அரிவாள்மனை (செப்டம்பர் 23, மதியம் 12.31)

கேட்டீர்களா?

பொருநைக்கரை (செப்டம்பர் 23, இரவு 8.45)

ஆச்சி இல்லை. அம்மாவிடம் கேட்டேன், 74 வயது. "உங்க ஆச்சி உட்கார்ந்த இடத்துல சொல்லுவா, செஞ்சது நானும் உங்க சித்தியும். மிதுக்கு வத்தல் உனக்குப் பிடிக்கும், உங்க அப்பாவுக்குப் பிடிக்கும். எனக்கு அந்தக் கசப்பே ஆகாது" என்றாள். இத்தனை வருடமாக அம்மா அதைத் தட்டில் வைத்துக்கொள்வதில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

சித்தியோடு சேர்ந்து காய் அரிந்த மத்தியானங்கள் மட்டும் பிடிக்கும் என்றாள். அப்போதுதான் இரண்டு பேரும் ஆச்சிக்குக் கேட்காமல் பேச முடியுமாம்.

அரிவாள்மனை (செப்டம்பர் 23, இரவு 9.02)

இதை எழுதியதற்கு நன்றி அண்ணாச்சி. நான் கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன். ஊர் அப்படி.

மொட்டைமாடி (செப்டம்பர் 23, இரவு 10.30)

அரிவாள்மனை சொன்னது எனக்குத்தான் நேராக வந்து விழுகிறது. "பார்த்தே வளர்ந்த வேலை" என்று எழுதினேன். பார்த்தது தட்டுகிற கையை மட்டும். மோரில் எத்தனை பிடி உப்பு விழுந்தது, ராத்திரி எதில் மூடினார்கள் என்று ஒன்றும் தெரியாது. அந்த நேரம் நான் முற்றத்தில் குடையோடு இருந்தேன்.

நுண்ணோக்கி சார், உப்பைக் கூட்டினால் இவருக்கு ஆகாதே, என்ன செய்ய?

நுண்ணோக்கி (செப்டம்பர் 24, காலை 6.30)

வற்றலில் உப்பைக் குறைக்காதீர்கள், சாப்பிடுகிற வற்றலைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள். அன்றைக்கு வற்றல்குழம்பு என்றால் குழம்பில் உப்பே போடாமல், வற்றல் வெந்த பிறகு ருசி பார்த்துக்கொள்ளலாம். இல்லையா, உப்பில்லாமல் நசுக்கிய காயை உறைநிலைப் பெட்டியில் வையுங்கள், மூன்று நாலு மாதம் தாராளமாக இருக்கும். ஆனால் அது வற்றல் ஆகாது, உறைந்த சுண்டைக்காய். நாக்குக்கு வித்தியாசம் தெரியும்.

அளவு கேட்டீர்கள். எங்கள் வீட்டில் கிலோவுக்கு 100 கிராம் கல்லுப்பு. ஆய்வுக்கூடக் கணக்கு இல்லை, என் மாமியார் கணக்கு. நான் செய்தேனா என்று அரிவாள்மனை கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: நானும் பக்கத்தில் நின்று நிறுத்தவன்தான். நிறுக்கக் கூடாது என்று திட்டினார்.

வெயிலான் (செப்டம்பர் 24, காலை 9.10)

சார், நடுவில் என் சந்தேகம் ஒன்று. உரித்த பூண்டை நல்லெண்ணெயில் அமிழ்த்தி அலமாரியில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது என்று ஒரு காணொளி பார்த்தேன். இரண்டு பாட்டில் போட்டுவைத்திருக்கிறேன்.

நுண்ணோக்கி (செப்டம்பர் 24, காலை 9.14)

இன்றே கொட்டிவிடுங்கள். ருசி பார்க்காமல்.

எண்ணெய்க்குள் காற்று கிடையாது. பூண்டு மண்ணில் விளைவது, புளிப்பும் இல்லாதது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடத்தில்தான் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற மண்ணில் இருக்கும் கிருமி உயிரைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும். வாசனை மாறாது, நுரை வரும் என்றும் இல்லை. பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ வினிகரோ நிறையப் போடுவது ருசிக்கு மட்டும் இல்லை. புளிப்பைக் காட்டும் pH எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. நம் ஊறுகாயில் புளிப்பு, உப்பு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எண்ணெய் மேலே ஒரு விரற்கடை மிதப்பது காற்றும் பூசணமும் இறங்காமல் இருக்க. எண்ணெய் மட்டுமே காவல் என்று எந்தப் பாட்டியும் விட்டதில்லை, காணொளிக்காரர்கள்தான் விடுகிறார்கள்.

வெயிலான் (செப்டம்பர் 24, காலை 9.31)

கொட்டியாயிற்று. நல்லெண்ணெய் போச்சே என்று வீட்டில் ஒரு பாட்டு, அது வேறு.

மேட்டாங்காடு (செப்டம்பர் 24, இரவு 7.55)

உயிர் இருக்குதுங்களே, அது போதும்.

மொட்டைமாடி அம்மணி, மாசி வரைக்கும் பொறுங்க. அதுவரைக்கும் காயைச் சமைத்துத் தின்னுங்க. இரண்டு மூன்றைச் செடியிலேயே பழுக்க விடுங்க, விதைக்கு. முடிச்சுப் போட்டு வையுங்க. பறித்துத் தின்கிற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மொட்டைமாடி (மார்ச் 11, இரவு 9.20)

இழையைத் தோண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், மன்னிக்க வேண்டும்.

அத்தைப்பாட்டியின் மகள் திருவாரூரில் இருக்கிறார், எனக்கு அத்தை. போன மாதம் நேரில் போய்க் கேட்டேன். "உனக்கு என்னடி தெரியும், நீதான் காக்காய்க்குப் பின்னாடி ஓடிண்டிருந்தியே" என்றார். சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்று எழுந்து, தானே செய்து காட்டினார். நான் விட்டது இவ்வளவு: நசுக்கிய காயைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, உதிரும் விதையைப் போக்க வேண்டும், கசப்பு மட்டுப்படும். மோர் புளித்திருக்க வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும். நான் ஊற்றியது அன்றைக்குக் கடைந்த நீர்மோர். சாயங்காலம் காயை உடனே மோரில் போடக் கூடாது, தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். பாத்திரத்துக்கு மூடி கிடையாது, வேடுதான். எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே பாத்திரம். மூன்றாம் ராத்திரியோடு மோர் வற்றிவிடும். அதற்கப்புறம் வெறும் வெயில், கையில் அள்ளிக் குலுக்கினால் கூழாங்கல் மாதிரி சத்தம் வரும் வரைக்கும். கடைசி நாள் காலி ஜாடியையும் வற்றலோடு வெயிலில் கவிழ்த்து வைத்தார். பாட்டியும் அப்படித்தான் வைப்பாராம். அந்த ஜாடியை முற்றத்தில் நான் பார்த்திருக்கிறேன். கழுவிக் கவிழ்த்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

உப்பு எவ்வளவு அத்தை என்றேன். மோரை ஒரு சொட்டு என் நாக்கில் விட்டார். முகம் கோணியது. "இவ்வளவு" என்றார்.

ஊருக்குத் திரும்பி வந்து நானே போட்டேன். மதிலோரச் சுண்டையில் ஒரு கிலோ. ஆறு நாள் வெயில். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. பூசணம் இல்லை. விரல் நுனி மட்டும் கறுத்துப்போய் இன்னும் வெளுக்கவில்லை. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

வெயிலான் (மார்ச் 11, இரவு 9.34)

காக்காய் வந்ததா?

மொட்டைமாடி (மார்ச் 11, இரவு 9.41)

காக்காய் எங்கே இருக்கிறது, எல்லாம் புறா. வற்றலைத் தொடுவதில்லை, மேலேயே நடந்து போகின்றன. குடையை விரித்துக் காட்டினால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடக்கின்றன.

வடலி (மார்ச் 12, அதிகாலை 3.05)

வடிவாக வந்திருக்கு. ஒரு கைப்பிடி தபாலில் போட்டால் நான் பனாட்டு அனுப்புவன்.

அரிவாள்மனை (மார்ச் 12, காலை 10.15)

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கைபேசியை வாங்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு காயாகப் பார்த்தார். "நாலஞ்சு காய் நசுங்கவே இல்லை, அதைத் தனியாப் பொறுக்கச் சொல்லு. உள்ளே ஈரம் நிற்கும்" என்கிறார்.